தூணோரம் ஒரு சாம்பல் நிறம்

ஜனவரி 18, வியாழன்

மாவுமில்காரர் கொடுத்த டைரி இது. போன வருடம் கொடுத்ததில் என் மனைவி கோகிலா கோலப்புள்ளி வைத்துப் பழகியே தீர்த்துவிட்டாள். இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். இதில் எழுதப்போவது ஒரே விஷயம்தான். ஜூம் லென்ஸா, பிரைம் லென்ஸா?

நான் படமெடுக்க ஒப்புக்கொண்ட அர்த்தநாரி மகள் கல்யாணம் பிப்ரவரி 11. கரட்டுமலைக் கோவிலில் விடியற்காலை முகூர்த்தம். உள்ளே கல் மண்டபம். குத்துவிளக்கும் நாலு மஞ்சள் பல்பும் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. ஃபிளாஷ் போடக்கூடாது என்று கோவிலில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் ஜன்னலையெல்லாம் சாத்தி, சாமி அறையில் ஒரே ஒரு விளக்கை ஏற்றி, அதன் முன்னால் கோகிலாவை உட்காரவைத்து இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்த்தேன்.

"அடுப்புல பருப்பு கெடக்குதுங்க. இன்னும் எத்தனை நேரம் நானும் சாமியாட்டம் ஒக்காந்திருக்கறது?"

"அசையாத. இதோ, பிரைம் மாட்டிட்டேன்."

ஜூம் என்றால் நின்ற இடத்திலேயே வளையத்தைத் திருகி, தூரத்தில் இருப்பதையும் பிடிக்கலாம், மண்டபம் மொத்தத்தையும் பிடிக்கலாம். ஆனால் வெளிச்சத்தை அளவாகத்தான் உள்ளே விடும். இருட்டில் எடுத்தால் படத்தின் மேல் ரவை கொட்டினாற்போல் புள்ளி விழும். பிரைம் அப்படியில்லை. என் ஜூமைவிட நாலு பங்கு வெளிச்சம் குடிக்கும். படம் வெண்ணெய்தான். ஒரே குறை, ஒவ்வொன்றும் ஒரே ஒரு அளவுக்கு மட்டும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. 35 மண்டபத்துக்கு, 85 முகத்துக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கழற்றி மாட்டத்தான் வேண்டும்.

85-ல் எடுத்த கோகிலாவைப் பார்த்து நானே அசந்துவிட்டேன். கண் இமை ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கிறது. பின்னால் இருந்த பித்தளைச் சாமான், காலண்டர், ஒட்டடை எல்லாம் கரைந்து போய்விட்டன. "ஒட்டடை தெரியலீங்களா? அப்ப இதுதானுங்க நல்ல லென்ஸு" என்றாள். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 21, ஞாயிறு

டீக்கடையில் ரஃபியிடம் வாய் கொடுத்தேன். பதினைந்து வருடச் சிநேகிதன். ஆத்தூர் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். ஊரில் உள்ள அத்தனை கல்யாணத்தையும் ஒரே ஜூமில் எடுக்கிறவன்.

"எத்தனை கேமரா மாப்ள?"

"கோவில்ல ஒண்ணுக்குத்தான் பர்மிஷன். வீடியோ கிடையாது. சனங்க செல்போனக்கூட அடிவாரத்துலயே குடுத்துட்டுத்தான் ஏறணும்."

"அப்ப மூடிட்டு ஜூமை மாட்டு. ரெண்டு கேமரா இருந்தா ஒண்ணுக்கொரு பிரைம் மாட்டித் தோள்ல போட்டுக்கலாம். ஒத்தக் கேமராவ வச்சுட்டுக் கழட்டிட்டும் மாட்டிட்டும் இருந்தீன்னா, மாப்பிள்ளை தாலியக் கையில புடிச்சுட்டு 'அண்ணன் மாட்டி முடிக்கட்டும்'னு நிப்பானாடா?"

"புள்ளி புள்ளியா வருமேடா."

"புள்ளியோட வந்தாலும் அது தாலிதான்."

இவனுக்கு எப்போதும் படம் வந்தால் போதும். எனக்கு நன்றாக வர வேண்டும். இந்த வருடம் போட்டோக்காரர் சங்கத்துப் போட்டியில் குறைந்த வெளிச்சத்துக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள் என்பதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் பிரைமுக்காக நான் ஏன் அலைகிறேன் என்று கண்டுபிடித்துவிடுவான்.

ஜனவரி 27, சனி

அர்த்தநாரியோடு மலை ஏறி மண்டபத்தைப் பார்த்தேன். பெண் சிந்துஜாவும் வந்திருந்தது. கூடவே அர்த்தநாரியின் அக்கா பாவாயி. சிந்துஜாவுக்கு நாலு வயதில் தாய் தவறிவிட்டாளாம். அதற்கு முந்தின வருடம்தான் பாவாயிக்குப் புருஷன் போயிருக்கிறான். பெண்ணை வளர்த்தது முழுக்க இந்த அத்தைதான்.

"அத்தை எம் பக்கத்துலதான் நிக்கோணும்" என்றது சிந்துஜா.

அர்த்தநாரி மழுப்பினார். "மாப்பிள்ளை வீட்ல ஒரு மாதிரி நெனைப்பாங்க கண்ணு. தாலி கட்டற நேரத்துல அக்கா எதுக்கு முன்னால..."

"எனக்கெதுக்கு முன்னால எடம்? எங்கிருந்து பாத்தாலும் எம்பட புள்ளதான்" என்று அந்தம்மாவே பேச்சை முடித்துவிட்டு என்னிடம் திரும்பியது. "நான் எங்க நின்னா உங்களுக்கு எடைஞ்சல் இருக்காதுங்க தம்பி?"

மணவறைக்குப் பின்னால் இடது பக்கம் ஒரு தூண். அதைக் காட்டினேன். "அந்தத் தூணை ஒட்டி நின்னுக்குங்கம்மா. அங்கிருந்து நவுராம இருந்தா போதும்." உடனே போய் நின்று காட்டியது. "இங்கயுங்களா?" என்றது. "அங்கயேதான்" என்றேன்.

அர்த்தநாரிக்கு ஒரே சந்தேகம். அவருடைய பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் போட்டோக்காரன் தாலி கட்டும்போது கோட்டைவிட்டுவிட்டு, "மாப்பிள்ளை, இன்னொரு தடவை கையை வைங்க" என்று நடிக்கச் சொன்னானாம். சொந்தமெல்லாம் சிரித்ததாம்.

"நான் அப்படிக் கேக்கற ஆளு இல்லீங்க. கேட்டேன்னா கேமராவைத் தூக்கிக் கெணத்துல போட்டுடறேன்" என்றேன்.

பிப்ரவரி 10, சனி

பை கட்டினேன். கேமரா, 35, 85, பேட்டரி நாலு, கார்டு நாலு, துடைக்கிற துணி. கோகிலா பேசாமல் ஜூமை எடுத்துப் பைக்கு அடியில் வைத்தாள். வெளியே எடுத்து வைத்தேன். மறுபடி வைத்தாள். "சும்மா கெடக்கட்டுமுங்க, அதென்ன சோறா கேக்குது" என்றாள். விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. 612 படம். பந்தியில் பச்சைப்பயறுப் பாயசம். களைப்பு.

பிப்ரவரி 12, திங்கள்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கழற்றி, துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றி, நாள் போய்விட்டது. கடைசியில் பார்த்தால் சுவிட்சில்தான் கோளாறு. படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கியது கோகிலா. நான் இன்னும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

சிந்துஜா போன் செய்தது. "அண்ணா, தாலி கட்டற படம் ஒண்ணே ஒண்ணு அனுப்புங்கண்ணா. எங்க வீட்டுக்காரரு பிரண்ட்ஸெல்லாம் கேக்கறாங்க."

கலர் சரிசெய்துகொண்டிருக்கிறேன், அரைகுறையாக அனுப்ப மனசில்லை என்றேன். "பொறுமையா அனுப்புங்கண்ணா, உங்க வேலைதான் எங்களுக்குத் தெரியுமே" என்றது.

பிப்ரவரி 15, வியாழன்

அர்த்தநாரி என் ஸ்டூடியோ கடைக்கே வந்துவிட்டார். எல்லாவற்றையும் போட்டுக் காட்டச் சொன்னார். காட்டினேன். பெண் அழைப்பு, மாலை மாற்றுவது, பெண் தலை குனிந்திருப்பது, அப்புறம் நேரே அட்சதை விழுவது. அவர் ஒன்றும் விவரம் கெட்டவர் இல்லை.

"நடுவால எங்கீங்க?"

"அந்த நேரம் பாத்து ஒருத்தர் குறுக்க வந்துட்டாங்க."

"குறுக்கயா? யாரு?"

"முகம் தெரியலீங்க. சேலைதான் தெரிஞ்சுது."

"என்ன கலரு?"

நான் யோசிக்கவே இல்லை. "சாம்பல் மாதிரி" என்றேன். வாயில் அதுதான் வந்தது. அர்த்தநாரியின் முகம் கறுத்துப் போயிற்று. "நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், முன்னால வராதேன்னு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தார். போகும்போது என் தோளைத் தட்டி, "நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றார்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அதை இங்கே எழுதிவைக்கிறேன். சாம்பல் நிறத்தில் சேலை யார் வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 17, சனி

போட்டிக்குப் படம் அனுப்பினேன். சிந்துஜா தலை குனிந்திருக்கும் படம். 85. விளக்கொளி கன்னத்தில் மட்டும் விழுந்திருக்கிறது. ஒரு புள்ளி கிடையாது.

பிப்ரவரி 20, செவ்வாய்

இதை எழுதாமல் விட்டால் நன்றாக இருக்கும். ஆனால் தூக்கம் வராது.

பதினோரு மணிக்குப் பாவாயி அம்மா கடைக்கு வந்தது. பஸ்ஸில் வந்திருக்கிறது. கையில் ஒரு மஞ்சள் பை நிறைய அவரைக்காய். நாற்காலியைப் போட்டேன். உட்காரவில்லை.

"வேலையா இருக்கறீங்களா தம்பி? சித்த பேசோணுமுங்க."

"சொல்லுங்கம்மா."

"என்னாலதான் படம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தநாரி சொன்னான். நான் நவுந்த மாதிரி எனக்கு நெனப்பில்லீங்க. ஆனா புள்ள கழுத்தை நீட்டறதப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு. அந்நேரம் காலு என்ன பண்ணுச்சோ, அதான் தெரியலீங்க. நீங்க அத்தனை சொல்லியிருந்தும் இப்படிப் பண்ணிப்போட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

நான் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த கீபோர்டு.

"இப்பல்லாம் கம்ப்யூட்டர்ல ஆளைச் சேக்கறாங்க, எடுக்கறாங்கன்னு பேசிக்கறாங்களே. அந்தப் படத்துல என்னைய அழிச்சுப்போட்டா, பொறத்தால இருக்கற தாலி தெரியாதுங்களா தம்பி?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கடையில் வேறு ஆள் யாரும் இல்லை. வாயைத் திறந்தால் போதும். திறந்தேன்.

"அந்தப் படத்தையே அழிச்சாச்சுங்கம்மா."

"அட சாமி" என்றது. அவ்வளவுதான். "போகட்டும் விடுங்க. உங்க மேல என்ன தப்பு. புள்ள மறுவிருந்துக்கு வந்துச்சு, நான் போகலீங்க. நல்லது நடக்கற எடத்துல நாம நிக்காம இருக்கறதே மேலு. தோட்டத்து ஓலைச் சாளைக்கே குடி போயிட்டேன். மாடு கன்னு இருக்குது, பொழுது போயிருது."

பையை மேசை மேல் வைத்துவிட்டுக் கிளம்பியது. நான் பஸ் நிறுத்தம் வரை கூடப் போகவில்லை. உள்ளறையில் ஆல்பம் வேலை செய்துகொண்டிருந்த கோகிலா வெளியே வந்து, என்னைப் பார்க்காமல் அவரைக்காய்ப் பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 21, புதன்

அவரைக்காய்ப் பொரியல். எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

முதல் பரிசு.

எழுதிவிட்டு அந்த இரண்டு வார்த்தைகளையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை வருட ஆசை. சங்கக் கூட்டத்தில் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். சால்வை போட்டுக் கேடயம் கொடுத்தார்கள். "குறைஞ்ச வெளிச்சத்துக்கு ஜூமா பிரைமான்னு நம்ம மாதேஸ்வரன் ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

பேசினேன். பத்து நிமிடம் பேசினேன். வெளிச்சம் குடிப்பது, பின்னணி கரைவது, ஒட்டடை கதைகூடச் சொன்னேன், சிரித்தார்கள். ஒரு பையன் எழுந்து, "ஒரே கேமராதான் இருக்குன்னா என்னங்கண்ணா பண்றது?" என்று கேட்டான். "பழக்கம்தான் தம்பி. மாத்தறதுக்கு அஞ்சு செகண்டு கூட ஆகாது" என்றேன். கை தட்டினார்கள். காது சுட்டது.

ரஃபி கைகொடுத்தான். மனசாரக் கொடுத்தான். அப்புறம் கேட்டான். "இது தாலிக்கு முந்தின நிமிஷம் போலிருக்கே. தாலிப் படம் எங்கடா, அதைக் காட்டு."

"பார்ட்டிகிட்டக் குடுத்தாச்சு" என்றேன்.

அவன் சரி என்று தலையாட்டினான். அவன் முகத்தை அதற்குமேல் என்னால் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 26, திங்கள்

பரிசுப் படத்தை எங்கே மாட்டுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கோகிலா கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே வந்தவள், இடது ஓரத்தில் நிறுத்தினாள்.

"இது யாருங்க?"

"அது பின்னணி."

"பின்னணிக்குக் கை இருக்குதே."

குனிந்து பார்த்தேன். கரைந்துபோன தூண். அதை ஒட்டிக் கரைந்துபோன ஒரு சாம்பல் நிறம். அதன் நடுவில், நெஞ்சுக்கு நேரே, வெளுப்பாக இரண்டு சின்னப் பொட்டுகள். மூடிய கைகள்.

கோகிலா கம்ப்யூட்டரில் அடுத்த படத்தைத் திறந்தாள். 35-ல் எடுத்தது. இதில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. அட்சதை காற்றில் நிற்கிறது. எல்லார் கைகளும் விரிந்திருக்கின்றன. தூணை ஒட்டி, அதே இடத்தில், பாவாயி அம்மா. அதன் கைகள் மட்டும் மூடியபடியே இருக்கின்றன. முதல் படம் 5 மணி 11 நிமிடம் 52 விநாடி. அடுத்தது 5 மணி 12 நிமிடம் 30 விநாடி. கேமராவே குறித்துவைத்திருக்கிறது.

"முப்பத்தெட்டு விநாடிங்க" என்றாள் கோகிலா. "அத்தனை நேரமும் அந்தம்மா நின்ன எடத்துலயேதான் நின்னிருக்குது. எடுத்ததை எல்லாம் நான்தான் எறக்குனேன். அன்னிக்கே பாத்துட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பரிசுப் படத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

"அந்தப் படத்தை அழிச்சாச்சுன்னு சொன்னீங்களே, எதை? எடுக்காத படத்தை எப்படீங்க அழிப்பீங்க?"

சரி. எழுதிவிடுகிறேன்.

பெண் தலை குனிந்தது. 85 கேமராவில் இருந்தது. அந்த முகம், அந்த விளக்கு, பார்த்ததும் போட்டிதான் ஞாபகத்துக்கு வந்தது. மாப்பிள்ளை கையில் தாலி வந்துவிட்டது தெரியும். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று எடுத்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் அவசரமாகக் கழற்றினேன். கழற்றின 85-க்குப் பின்மூடி போட வேண்டும், தூசி போய்விடும். மூடி கை தவறி விழுந்து, கல் தரையில் உருண்டு, யாரோ ஒரு பெரியவர் காலடிக்குப் போய்விட்டது. நான் குனிந்து தேடினேன். கெட்டிமேளம் கொட்டினபோது நான் குனிந்துதான் இருந்தேன். மூடி கையில் கிடைத்தது. நிமிர்ந்து 35-ஐ மாட்டியபோது மாப்பிள்ளை கையை எடுத்துவிட்டான். அவனுடைய அக்கா பின்னால் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மாப்பிள்ளை, கையை ஒரு தரம் அப்படியே வைங்க" என்று அப்போதே கேட்டிருக்கலாம். எல்லாரும் கேட்பதுதான். அர்த்தநாரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவைக் கிணற்றில் போடுகிறேன் என்று சொன்னவன் நான். தலையை ஆட்டி, எல்லாம் கிடைத்துவிட்டது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

ஜூம் பைக்கு அடியில் கிடந்தது.

சாம்பல் நிறம் என் வாயில் தானாக வரவில்லை. அந்தத் தூணோரத்தில் அந்தம்மாவை நிறுத்தியது நான்தான். கட்டியிருந்த சேலை எனக்குத் தெரியும். தாலி அறுத்தவள் குறுக்கே வந்தாள் என்றால் மேற்கொண்டு ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதும் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். தூ.

பிப்ரவரி 28, புதன்

அர்த்தநாரி ஊருக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் வீட்டுக்கு முந்தின வளைவில் ரோட்டோரம் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நிறுத்தினேன். இரண்டு கிலோ வாங்கினேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோகிலா கிழங்கை வாங்கி வைத்தாள். "இதுக்கு அத்தனை தூரம் போகணுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 1, வெள்ளி

சிந்துஜா மறுபடி போன் செய்தது. படத்தைப் பற்றி இல்லை.

"அண்ணா, அத்தை எம்மேல கோவமா இருக்குதான்னு தெரியலை. போன் பண்ணா 'நல்லா இரு கண்ணு'ன்னு சொல்லிட்டு வச்சிருது. வீட்டுக்கு வான்னா வர மாட்டேங்குது. இங்க எங்க மாமியாரும், நல்ல நேரத்துல குறுக்க வந்துட்டாங்கன்னு வர்றவங்க போறவங்ககிட்டயெல்லாம் சொல்றாங்க. எனக்குப் பேச வாயில்லண்ணா. ஏன்னா அப்பாவே அதைத்தான் சொல்றாரு. நெசமாலுமே அத்தை வந்துச்சுங்களா? நான் குனிஞ்சிருந்தேன், எனக்குத் தெரியலை."

"ஞாயித்துக்கிழமை அப்பா வீட்டுக்கு வர முடியுமா கண்ணு? நேர்ல சொல்றேன்" என்றேன்.

போனை வைத்தேன். சொல்லியாகிவிட்டது. இனி கிழங்கு வாங்கிக்கொண்டு திரும்ப முடியாது.

மார்ச் 3, ஞாயிறு

இரண்டு படங்களையும் பெரிதாக அச்சடித்து, கீழே நேரத்தையும் போட்டுக் கொடுத்தாள் கோகிலா. கேமராவை எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டை விட்டு வேலையாக இறங்கும்போது தோளில் கேமரா இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் தோள் லேசாக இருந்தது. நடையே சரியாக வரவில்லை.

அர்த்தநாரி வீட்டு வாசலில் அவரும் சிந்துஜாவும் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால் சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். நான் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன், மூடி விழுந்தது, குனிந்தேன், எடுக்கவில்லை. யாரும் குறுக்கே வரவில்லை. நான் பொய் சொன்னேன். படங்களை அவர் மடியில் வைத்தேன்.

அர்த்தநாரி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"எங்கக்கா மொகத்தப் பாத்து, 'நீ காலு வச்ச எடம் வெளங்காது'ன்னு சொன்னேன்டா" என்றார். அதுவரை அவர் என்னை மரியாதை குறைத்துப் பேசியதில்லை. "எம்பட வாயால சொன்னேன். அதுக்கு அது, 'ஆமாண்டா'ன்னு சொல்லுச்சு."

சிந்துஜா எழுந்தது. "எங்ககிட்டச் சொன்னது போதும். வாங்க, அத்தைகிட்ட வந்து சொல்லுங்க."

கிழங்குக் காட்டு வரப்பில் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக நடந்தோம். சாளையை ஒட்டிய ஓலைக் கொட்டகைக்குள் பாவாயி அம்மா கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவசரமாகக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கறீங்க" என்றது.

சொன்னேன். முதலில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்தம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டது. நான் முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டது.

"அப்ப நான் நவுரலீங்களா?"

"இல்லீங்கம்மா. நான் காட்டின எடத்துலயேதான் நின்னீங்க."

"ஒரு எட்டு கூட?"

"ஒரு எட்டு கூட இல்லீங்க."

அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. "எல்லாரும் சொல்லச் சொல்ல, எனக்கே நான் நடந்து வந்தாப்புல கண்ணுக்குள்ள தெரிய ஆரம்பிச்சிருச்சு சாமி. காலடியில கல்லு சில்லுனு இருந்ததுகூட நெனப்பு வந்துருச்சு. கட்டையில போற வயசுல புத்தி இப்படிப் போயிருச்சேன்னு..." அழுதது. அர்த்தநாரி "அக்கா" என்றார், அப்புறம் மறுபடியும் "அக்கா" என்றார்.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். நிற்பதா போவதா தெரியவில்லை. மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். யாரும் காதில் வாங்கினதாகத் தெரியவில்லை.

சிந்துஜா படத்தைக் காட்டிக் கேட்டது. "கையில என்னத்தை இப்படிப் பொத்திட்டு நிக்கற அத்தை?"

"அரிசிதான். தட்டு நீட்டுனாங்க, எடுத்துட்டேன். நான் போடலாமா கூடாதான்னு ரோசனை பண்ணிட்டே நின்னேன். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. கீழ போட மனசு வருல. முந்தானையில முடிஞ்சுட்டு வந்துட்டேன்."

"எங்க இருக்குது?"

உள்ளே சாமி மாடத்தில், ஒரு டம்ளரில் இருந்தது. மஞ்சள் இன்னும் போகவில்லை. சிந்துஜா அதைக் கொண்டுவந்து அத்தையின் உள்ளங்கையில் கொட்டிவிட்டு, மாட்டுத்தொட்டிக்கு முன்னால் மண்ணில் மண்டிபோட்டுத் தலையைக் குனிந்தது. கழுத்தில் புதுத் தாலிக்கயிறு. பாவாயி அம்மா தம்பியைப் பார்த்தது. அர்த்தநாரி, "போடுக்கா" என்றார்.

மேலே ஓலை இடுக்கு வழியாக வந்த வெயிலைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. அரிசி அந்த வெயிலில் விழுந்தது. ஒன்றிரண்டு கன்றுக்குட்டியின் முதுகில் விழுந்தது, அது தோலைச் சிலிர்த்தது.

என் கை தானாகத் தோளுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எடுக்க எனக்கு யோக்கியதை இல்லை. இதையும் நான் எடுக்கவில்லை.

மார்ச் 4, திங்கள்

பரிசுக் கேடயத்தையும் சால்வையையும் சங்கத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டார்கள். சொன்னேன். ஒருவர், "இதெல்லாம் ஒரு விஷயமாங்க, யாருக்குத்தான் தவறலை" என்றார். ரஃபி டீக்கடை வரை கூட வந்தான். "நான் சொன்னேன்ல" என்று சொல்லுவான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

மார்ச் 6, புதன்

சிந்துஜா போன் செய்தது. ஸ்பீக்கரில் போட்டேன், கோகிலா பக்கத்தில் இருந்தாள்.

"ஆல்பம் எப்பங்க ஆகும்?"

அண்ணா என்று கூப்பிடவில்லை.

"இந்த வாரம் அச்சுக்குப் போயிரும். தாலி கட்டற பக்கம்தான், அதுக்கு என்ன வைக்கறதுன்னு..."

"அரிசி விழுகற படத்தை வைங்க. அத்தை தூணோரம் நிக்குதே, அது. ரெண்டு பக்கத்துக்கும் சேத்து முழுசா வைங்க. அத்தைய வெட்டிராதீங்க."

"சரி கண்ணு."

போனை வைத்துவிட்டது என்று நினைத்தேன்.

"அப்பறம், கடைசிப் பக்கத்துல உங்க ஸ்டூடியோ பேரு வருமில்லீங்க? அது மட்டும் எங்க ஆல்பத்துல வேண்டாம்."

சரி என்றேன். கோகிலா கடைசிப் பக்கத்தைத் திறந்து, பெயரை எடுத்துவிட்டு, அச்சுக்கு அனுப்பினாள்.